பெறுபேற்றுத் தாளில் இல்லாத கதை

அமெரிக்காவில் உயர்பள்ளி முடித்தவர்களின் பாடப் பதிவுகளை எடுத்து, யார் எந்தப் பாடம் படித்தார்கள், என்ன புள்ளி வாங்கினார்கள் என்று அந்த நாட்டின் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் இடைக்கிடை ஆராய்கிறது. 1990 இல் 4க்கு 2.68 ஆக இருந்த சராசரிப் புள்ளி 2019 இல் 3.11. பாடங்களும் கூடுதலாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் தேசியக் கணிதத் தேர்வில் 2019 பிள்ளைகள் 2009 இல் முடித்தவர்களை விடக் கீழே! பள்ளிப் புள்ளியையும் வெளிச் சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடியால்தான் இது பிடிபட்டது.

இங்கே யாழ்ப்பாணத்தில் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்தால் மூன்று பாடத்துக்கு மூன்று எழுத்து, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி நாலு தசமதானத்தில், மாவட்ட நிலை, தீவு நிலை, சரி, கதை முடிந்தது. ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) முடிந்த கையோடு வீட்டில் சொன்னதற்காகக் கணிதப் பிரிவுக்குப் போய், இணைந்த கணிதம் ஏறாமல், விடியக் காலமை ரியூசன், பின்னேரமும் ரியூசன் என்று சைக்கிளில் அலைந்து, கடைசியில் வர்த்தகத்துக்கு மாறிய பிள்ளையின் அந்தக் காலம் அந்தத் தாளில் எங்கே இருக்கிறது?

அது தவணைத் தேர்ச்சி அறிக்கைகளில் இருக்கிறது. முதலாம் தவணையில் 62, அடுத்ததில் 41, அப்புறம் 'வரவில்லை' என்று எழுதியிருந்தால் எந்த இடத்தில் பிள்ளை விட்டது என்று யாருக்கும் விளங்கும். பெயரை நீக்கிவிட்டு, கல்வி வலயம் வலயமாக இவற்றைத் தொகுத்துப் பார்க்க வேண்டும். பிரிவு மாறுகிறவர்கள் எந்தத் தவணையில் மாறுகிறார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம்.