நாலாவது ‘ட’வைத் தாண்டிவிட்டேன்

பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதப் பழகிவருகிறேன். பதினோரு ஓலை வீணானபின் ஒரு பழமொழி முழுசாக ஏறிவிட்டது: ‘கெட்டும் பட்டணம் சேர்’.

தொல்லையெல்லாம் ‘ட’வால்தான். பனையோலையின் நார் நீளவாக்கில் ஓடும். ‘ட’வின் அடிக்கோடும் அதே திசையில் படுக்கிறது. எழுத்தாணி சற்று அழுந்தினாலும் நாரோடு ஓலை விண்டுபோகும். இதில் ‘ட’ நாலு. மூன்றைத் தாண்டி, நாலாவதில் கிழியும். கடைசியில் ஆணிமுனையைச் சாணைக்கல்லில் கொஞ்சம் மழுக்கினேன். அடிக்கோட்டை நேராக இழுக்காமல் லேசாகக் குழித்தேன். ‘ப’வையும் அப்படியே. ஆணியை நிறுத்தி ஓலையைத் தள்ளுவதற்குக் கை பழகவே மூன்று மாதம் ஆனது.

கோத்தகிரி ஐப்பசி மழையில் ஓலை காயாது. மஞ்சள் போட்டு அவித்து நிழலில் தொங்கவிட்ட முதல் கட்டு முழுக்கப் பூஞ்சணம். அடுத்ததை விறகடுப்புக்கு மேலே பரணில் போட்டேன், தேறியது. இங்கே பனை ஏது? உடன்குடி நண்பர் ஒருவர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறார். குருத்தும் வேண்டாம், முற்றலும் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கூந்தற்பனை ஓலையும் தேடுகிறேன், அகலம் அதிகம்.

சரி, எழுத்துக்கு வருகிறேன். குத்தினால் ஓட்டை விழும் என்பதால் ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். கெ, கே இரண்டுக்கும் ஒரே கொம்புதான். கே-க்கு மேல்சுழி 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தந்தது. நானும் பழைய முறைப்படியே ‘கெடடும படடணம செர’ என்று எழுதினேன்.

மளிகைக்கடை அண்ணன் சாய்த்துப் பிடித்து, “கெட்டும் பட்டணம் சேர்” என்று தயங்காமல் படித்தார். பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது திருப்பூர் போய் ஆறு வருடம் பனியன் கம்பெனியில் இருந்தவர். பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலோரம் வைத்துக் “கேட்டும்” என்று படித்தார். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். “எங்களை யாருப்பா கேட்டா? கப்பல்ல ஏத்தினாங்க, மண்டபம் கேம்ப்ல இறக்கினாங்க” என்றார். ஓலை ஒன்றுதான். விட்டுப்போன குறியை அவரவர் பட்டபாடு நிரப்பிக்கொள்கிறது. இதற்காகவே இன்னும் நூறு பழமொழி எழுதலாம் என்று தோன்றுகிறது.

விளக்குக்கரியும் கோவையிலைச் சாறும் கலந்து மை பூசுவது இன்னும் பாக்கி. அதற்குள் பாட்டி, ‘இக்கரைக்கு அக்கரை பச்சை’ எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். ‘ட’ ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘க’ ஆறு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் குறுக்குக்கோடு. நாளைக்குக் கழிவுத் துண்டில் வெறும் ‘க’வாக எழுதிப் பார்க்கிறேன்.