பின்னால் வருகிற மேய்ப்பர்

"நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?"

நியூசிலாந்து வந்த புதிதில் என்னைச் சுட்ட கேள்வி இதுதான். முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்குக் கால் புண் ஆறவில்லை. எதை வைத்துக் கட்டுவது என்று சார்ஜ் நர்ஸிடம் கேட்கப் போனேன். பதிலுக்குக் கேள்வி வந்தது. தஞ்சாவூரில் மேட்ரன் ரவுண்ட்ஸ் போனால் அவர் முன்னால், நாங்கள் வரிசையாகப் பின்னால். அவர் சொல்வார், நாங்கள் செய்வோம். இங்கே மேலதிகாரியைப் பேர் சொல்லிக் கூப்பிடவே எனக்கு வாய் வரவில்லை. இதில் முடிவும் நானே எடுக்க வேண்டுமாம். வழிகாட்ட ஆளில்லாத ஊருக்கு வந்துவிட்டோமே என்று அன்று ராத்திரி அழுதேன்.

நான் இருப்பது தென் தீவில், டிமாருவிலிருந்து மலைப்பக்கம் உள்ளே தள்ளி. எங்கே பார்த்தாலும் செம்மறி. 1982ல் இந்த நாட்டில் 7 கோடி ஆடுகள் இருந்தன; ஆளுக்கு 22 ஆடு என்ற கணக்கு. அப்புறம் பால் மாடும் மரக்காடும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, இப்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மிச்சமே எங்கள் டெல்டாக்காரர் கண்ணுக்குக் கடல்தான்.

ஏப்ரல், மே மாதங்களில், பனி விழுவதற்குள் மேல்மலையிலிருந்து ஆடுகளை இறக்குவார்கள். ஒருநாள் டியூட்டிக்குப் போகும் வழியில் ரோடு முழுக்க ஆடு. காரை நிறுத்திவிட்டு மேய்ப்பரைத் தேடினேன், மந்தைக்கு முன்னால். அங்கே யாருமே இல்லை. கடைசி ஆட்டுக்கும் பின்னால் குவாட் பைக்கில் ஒரு சின்னப் பெண், கூட ரெண்டு நாய்கள். ஹன்ட்டவே என்று இந்த நாட்டிலேயே வளர்த்தெடுத்த ஜாதி. தொண்டை கிழியக் குரைத்தே மந்தையைத் தள்ளும். ஒரு நொண்டி ஆடு நின்று நின்று வந்தது. அது நின்றபோதெல்லாம் பைக்கும் நின்றது, அவள் ஒரு சொல் சொல்ல நாய்களும் வாயை மூடின. அது நடந்த பிறகுதான் எல்லாரும் நகர்ந்தார்கள். எங்களுக்குப் பின்னால் எத்தனை கார் நின்றதோ, ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை!

எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா இருக்கிறார், ஆயுசெல்லாம் மேல்மலையில் ஆடு பார்த்தவர். அவருக்குச் சாக்ஸ் மாட்டிவிடும்போது இதைச் சொன்னேன். "முன்னால போனா எது நொண்டுது, எது உக்காந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றார். இன்னொன்றும் சொன்னார். கேட் வாசலில் மந்தையை நெருக்கவே கூடாதாம். பயந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். திறந்துவிட்டுத் தள்ளி நின்றால் போதும். முதல் ஆடு யோசித்து உள்ளே போகும், மற்றவை தொடரும்.

சார்ஜ் நர்ஸ் எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறார். அந்த இரவு நான் எழுதிய நோட்ஸ் ஒவ்வொன்றையும் ஷிப்ட் முடிந்தபின் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

பைபிளில் நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்கு முன்பாக நடக்கிறான். ஆடுகள் அவன் சத்தம் அறிந்து பின்செல்கின்றன. அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் ஊர்த் திருவிழாவில் ஆயர் பவனி வருவதை நினைத்துப் பார்க்கிறேன். மெழுகுவர்த்திப் பிள்ளைகள் முன்னால், பிறகு சாமியார்கள், கையில் கோலோடு ஆயர் எல்லாருக்கும் கடைசியில். சின்ன வயதிலிருந்து பார்த்தது, இங்கே வந்துதான் மனதில் பட்டது. டெகாபோ ஏரிக்கரையில் 1935ல் கட்டிய நல்ல ஆயன் கோயில் இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் படமோ சுரூபமோ இல்லை. ஒரு ஜன்னல், அதில் ஏரியும் மலையும். பக்கத்திலேயே ஆட்டு நாய்க்கு வெண்கலச் சிலை, 1968ல் வைத்தது. நாய் இல்லாமல் இந்த மலையில் ஆடு மேய்த்திருக்கவே முடியாது என்று நன்றி சொல்லி வைத்த சிலை. எனக்கு அந்த நாயை ரொம்பப் பிடிக்கும்.

ஆக, பழகிவிட்டது. நானே முடிவெடுக்கிறேன், பேர் சொல்லியே கூப்பிடுகிறேன்.

ஆனால் பின்னால் நின்று பார்ப்பவருக்கு மந்தை முழுக்கத் தெரியும், முகம் தெரியுமா? ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் அறிய வழியில்லை. எனக்கும் இங்கே ஊழியர் எண் உண்டு, வரிக்கு ஐஆர்டி எண் உண்டு. மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் போனில் நலம் கேட்டு மெசேஜ் வரும், கதவைத் தட்ட ஆள் வராது. இந்தக் குறை மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் ஊரில் அறுவடை முடிந்தால் ராமநாதபுரத்திலிருந்து கீதாரி, அதாவது ஆட்டுக்கிடை போடும் மேய்ப்பர், வருவார். ஆடு வருவதற்கு முன்னால் அவர் தனியாக வந்து வயலைச் சுற்றி நடப்பார், வயலில் ஆடுகளை அடைத்து எருப்போடுவதற்கான கிடைக்கூலியை என் தாத்தாவோடு பேசுவார். "ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்" என்று தாத்தா நெல்லை அளந்து போடுவார். விடியற்காலை குட்டிகளைத் தாயிடம் விடும் நேரம் நான் வரப்பில் போய் நிற்பேன். அரை இருட்டில், அத்தனை ஆட்டுக்கு நடுவே, கீதாரி குட்டியின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். காதைப் பிடித்து இழுத்துச் சரியான தாயின் மடியில் விடுவார். ஒன்றுகூட மாறாது. என்னையும் அப்படித்தான் பார்ப்பார்: "என்னம்மா, இந்த வருஷம் மெலிஞ்சிட்ட?"

போன ஞாயிறு அம்மா போன் பண்ணினாள். இப்போது கீதாரியின் மகன் வருகிறானாம். "நர்சு புள்ள வந்துருச்சான்னு கேட்டான்டி."

"நீ என்ன சொன்ன?"

"பங்குனியில வரும்னு சொல்லிட்டேன்."

பங்குனியில் எனக்கு லீவு கிடையாது. சித்திரையில் எந்தப் பக்கம் கிடை போடுவார்கள் என்று கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.