கச்சான்

"போட்டுக்கு பாஸ்ட பேரை வைப்பம் அண்ணன்" என்று பொடியன் சொன்னதும் வேண்டாம் என்றுவிட்டேன். போட் நாங்கள் வார்த்த ஃபைபர் படகு; பாஸ் எங்கள் மேஸ்திரி, காலமாகிவிட்டார். யோசித்துச் சொல்லவில்லை. காரணத்தைப் பிறகுதான் தேடினேன். அதுவும் அவனே தேத்தண்ணி நேரத்தில் சொல்லித்தந்த கார்க் கதையில் அகப்பட்டது.

ஆர்ஜென்டீனாக்காரர் ஒராசியோ பகானி, லம்போர்கினியில் கார்பன் ஃபைபர் வேலை பார்த்தவர். எங்களைப் போல மோல்டும் ரெசினுமாகக் கிடந்த ஆள். தன் முதல் காருக்கு, ஃபோர்முலா வன்னில் ஐந்து முறை உலகச் சாம்பியனான தன் நாட்டவர் ஃபான்ஜியோவின் பெயரைத்தான் வைக்க இருந்தார். மெர்சிடிஸின் 12 சிலிண்டர் எஞ்சின் கிடைக்கப் பேசிவிட்டவரும் ஃபான்ஜியோதான். 1995இல் கிழவர் காலமானார். பகானி அந்தப் பெயரை விட்டுவிட்டார். 1999இல் ஜெனீவாவில் கார் வெளியே வந்தபோது அது சோண்டா: அந்தீஸ் மலையால் இறங்கும் வரண்ட சுடுகாற்று.

"செத்த மனுசன்ட பேரை வைக்காம விட்டிட்டாங்கள் பார். மரியாதை அதுதான்."

"அப்ப என்சோ? பெராரி 1988ல செத்தவர், 2002ல அவர்ட பேர்லயே கார் விட்டாங்களே."

"அது அவர்ட சொந்தக் கொம்பனி."

இந்தப் பதில் இன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் எங்கள் மோல்ட் யாருடையது? படகின் முன்பக்கமான அணியத்தை நான் கூராக்கினேன். மற்றதெல்லாம் பாஸின் கை. அவர் பெயர் ஏறினால் என் அணியத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேனோ?

கச்சான் என்று எழுதினோம். திருகோணமலைக்குச் சோண்டா அதுதானே, மேற்கே மலையைத் தாண்டி வந்து ஆளைக் காய்ச்சுகிற காற்று. நிலக்கடலைக்கும் அதே பெயர் என்று படகுத்துறையில் சிரித்தார்கள். அந்தக் காற்றுக்கு ரெசின் வாளிக்குள்ளேயே இறுகிவிடும். பாஸ் வாளியின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துத்தான் அடுத்த கலவைக்கு, ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் குறைப்பார். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆகவே பெயருக்குள் அவர் இருக்கிறார் என்று சொல்லிக்கொள்வதுண்டு. வக்கீல் வாதம் மாதிரி ஒரு அப்புக்காத்து வேலை.

போட்டை இறக்கிய அன்று பாஸின் மனைவி வந்தா. பொடியன் முன்னமே அவவுக்குச் சொல்லிவைத்திருக்கிறான். எழுத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தா. நான் ஃபான்ஜியோ கதையை எடுத்தேன். முழுக்கக் கேட்டா.

"நல்ல விசயம்தான் தம்பி. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

தள்ள ஆள் காணாது என்று அந்தப் பக்கம் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.