வீட்டுக் குழாயும் முதல் தொகையும்

நாங்கள் குடியிருந்த தெருவுக்குத் தெருக்குழாய் ஒன்றே ஒன்றுதான். விடியற்காலை நாலரை மணிக்கு அதிலிருந்து காற்று சீறும் சத்தம் கேட்கும். அடுத்த ஐந்து நிமிடத்தில் தண்ணீர் வந்துவிடும் என்பது தெருவே அறிந்த கணக்கு. இடம் பிடிப்பதற்காக முந்தைய இரவே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வருவார்கள். ஒரே நிறத்தில் பத்துப் பிளாஸ்டிக் குடங்கள் நின்றதால், அம்மா எங்கள் குடத்தின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். ஒரு நாள் அந்த நூல் அறுந்துபோனதில் தொடங்கிய சண்டையால், அடுத்த வீட்டு அக்காவும் அம்மாவும் மூன்று வருடம் பேசிக்கொள்ளவில்லை.

எதிர் வரிசை மாடி வீடுகளுக்கு வீட்டு இணைப்பு இருந்தது. அதற்கான மாதக் கட்டணம் அப்பாவின் ஒரு நாள் கூலியைவிடக் குறைவு என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் இணைப்பு வாங்க வேண்டுமானால் வைப்புத்தொகை, இணைப்புக் கட்டணம், சாலையை வெட்டி மறுபடி மூடுவதற்கான கட்டணம், பைப், பிளம்பர் கூலி என்று அப்பாவின் இரண்டு மாதச் சம்பாத்தியத்தை ஒரே நேரத்தில் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மாதாமாதம் கட்டக்கூடிய குடும்பத்தால் முதல் நாள் தொகையைத்தான் கட்ட முடியவில்லை. நகர்ப்புற ஏழைகளின் குடிநீர் பற்றிப் பேசும்போதெல்லாம் மாதக் கட்டணத்தைக் குறைப்பதா, இலவசமாக்குவதா என்றே விவாதம் நடக்கிறது. அந்தச் சலுகை எல்லாம் ஏற்கெனவே குழாய் வைத்திருப்பவர்களுக்குத்தானே போய்ச் சேரும்?

ஏழைகள் தண்ணீருக்குப் பணம் கொடுக்க மாட்டார்கள் என்பதும் உண்மையில்லை. இருபது லிட்டர் கேன் முப்பத்தைந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் லிட்டருக்கு ஐம்பது கேன், 1,750 ரூபாய் ஆகிறது. எந்த நகராட்சியும் வீட்டுக் குழாய்க்கு இந்த விலையைக் கேட்பதில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் கம்போடியாவின் தலைநகரான புனோம் பென். கெமர் ரூஜ் என்ற கம்யூனிச இயக்கத்தின் ஆட்சியில் ஊரே காலி செய்யப்பட்டு, பிறகு பல ஆண்டுகள் சீரழிந்து கிடந்த அந்நகரின் குடிநீர் நிறுவனத்துக்கு 1993இல் எக் சொன் சான் என்ற பொறியாளர் தலைவரானார். அப்போது சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் சுமார் 72 சதவீதத்துக்குக் கணக்கே இல்லை. கசிவு, திருட்டு என்று போய்க்கொண்டிருந்தது. குழாயில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம்தான் தண்ணீர் வந்தது. அவர் முதலில் கைவைத்தது ஏழைகளிடம் அல்ல. அரசு அலுவலகங்கள், படை அதிகாரிகளின் பங்களாக்கள், சொந்த நிறுவனத்தின் ஊழியர்கள் என்று பணம் கட்டாத பெரிய இடங்களுக்கெல்லாம் மீட்டர் வைத்தார். பாக்கி வைத்திருந்த ஒரு ராணுவத் தளபதியின் வீட்டில் இணைப்பைத் துண்டிக்கப் போனபோது எக் சொன் சானின் தலையிலேயே துப்பாக்கியை வைத்தார்கள். திரும்பிப் போனவர் ஆயுதக் காவலுடன் மறுபடி வந்து துண்டித்தார். 2008 வாக்கில் கணக்கில் வராத தண்ணீர் சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது, இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வந்தது, 27,000க்கும் குறைவாக இருந்த இணைப்புகள் 1,78,000 அளவுக்கு உயர்ந்தன.

ஏழைகளின் குழாய்க்கான பணம் இப்படித்தான் வந்தது. புதிய இணைப்புக்கு அங்கே அப்போது ஏறத்தாழ நூறு டாலர் ஆனது. குடும்பத்தின் வறுமையைப் பொறுத்து அதில் 30, 50, 70 சதவீதம் என்று தள்ளுபடி கொடுத்தார்கள். மிகவும் இல்லாதவர்களுக்கு முழுவதையுமே தள்ளினார்கள். மிச்சத்தை மாதத் தவணையில் கட்ட முடிந்தது. தண்ணீரை மட்டும் யாருக்கும் இலவசமாகக் கொடுக்கவில்லை. மாதம் 7 கன மீட்டர் வரை கன மீட்டருக்கு 550 கம்போடிய ரியேல் வாங்கினார்கள். முழு 7,000 லிட்டரையும் பயன்படுத்தினாலும் ஒரு டாலருக்குள் அடங்கிவிட்டது. முதல் தொகைக்குத் தாராளமும் மாதத் தொகைக்குக் கண்டிப்புமாக நடந்த இந்த ஏற்பாடு, நம் ஊர் வழக்கத்துக்கு நேர்மாறானது என்பதால்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மொரோக்கோவின் டாஞ்சியர் நகரில், எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் 2007ஐ ஒட்டி இன்னொன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டில் குழாய் இல்லாத குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, இணைப்புக் கட்டணத்தை வட்டியில்லாக் கடனாகச் சில ஆண்டுகளில் அடைக்கலாம் என்று எடுத்துச் சொல்லி, அதற்கான காகித வேலையையும் வீட்டு வாசலிலேயே முடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியினரில் 69 சதவீதத்தினர் இணைப்பு வாங்கினார்கள். இந்த உதவி கிடைக்காத மற்றவர்களில் வாங்கியவர்கள் 10 சதவீதம்தான். தள்ளுபடி எதுவும் இல்லை என்பதையும், முன்பு பெரும்பாலும் பொதுக்குழாயில் இலவசமாகப் பிடித்தவர்களுக்கு இப்போது செலவு கூடியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. பொதுக்குழாய்த் தண்ணீரே சுத்தமாக இருந்ததால், வீட்டுக் குழாய் வந்த பிறகு நோய் ஒன்றும் குறையவில்லை; வருமானமும் கூடவில்லை. ஓய்வு நேரம் கூடியது, அக்கம்பக்கத்துச் சண்டை குறைந்தது, வாழ்க்கையில் நிறைவு கூடியது. இதற்காகவா இவ்வளவு செலவு என்று திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டுக்கு ஒருவழியாக இணைப்பு வந்த முதல் வாரம், தண்ணீர் வராத பிற்பகலிலும் அம்மா குழாயைத் திறந்து திறந்து பார்த்தார். அடுத்த மாதம் ஒரு கிண்ணம் பாயசத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அதனால் அந்த முடிவைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

பணத்தைப் போலவே தடுத்து நிறுத்தும் இன்னொன்று பட்டா. புறம்போக்கில் இருக்கும் குடிசைக்குக் குழாய் கொடுத்தால் நிலத்துக்கு உரிமை கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று அதிகாரிகள் தயங்குகிறார்கள். 1990களின் நடுவில் அகமதாபாத் மாநகராட்சி இதற்கு ஒரு வழி கண்டது. குடிசைப் பகுதிகளில் வீடுதோறும் குழாய், கழிவுநீர், கழிப்பறை தரும் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் 2,000 ரூபாய் பங்கு செலுத்தியது. பத்து ஆண்டுகளுக்கு வெளியேற்ற மாட்டோம் என்று மாநகராட்சி உறுதி கொடுத்தது. சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பின் வங்கியில் பெண்கள் சிறுகச் சிறுகச் சேமித்து அந்தப் பங்கைக் கட்டினார்கள். இடத்துக்குப் பட்டா இல்லாமலேயே தண்ணீர் வந்தது.

இவற்றில் எதிலும் அடங்காதவர்கள் வாடகைக் குடித்தனக்காரர்கள். எங்கள் வீட்டில் சமையல் வேலைக்கு வரும் அக்கா ஒரு லைன் வீட்டில் இருக்கிறார். ஆறு குடித்தனத்துக்கு ஒரே இணைப்பு, ஒரே மீட்டர். பயன்பாடு கூடக் கூட விலையும் ஏறும் அடுக்குக் கட்டணம் பணக்காரர்களின் விரயத்தைத் தடுப்பதற்காக வந்தது. ஆனால் ஆறு குடும்பம் ஒரு மீட்டரில் பிடிக்கும்போது மாதம் பாதி தாண்டுவதற்குள் உச்ச அடுக்குக்குப் போய்விடுகிறது. வீட்டுக்காரர் அந்த ரசீதைக் காட்டித் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்; அதிலும் மோட்டார் கரண்டுக்குத் தனி.

போன வாரம் அக்காவுக்காகப் புது இணைப்பு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே சொத்துவரி எண் கேட்டிருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்கலாமா என்றேன். "வேணாம்மா, கேட்டா வாடகையை ஏத்திடுவாரு" என்று சொல்லிவிட்டு, அக்கா படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.