நெடுந்தீவுக்குத் திரும்பும் முதல் காதல்: என் குறுநாவலின் பத்தாவது வாரம்

புரட்டாதி நடுப்பகுதியில் தொடங்கிய குறுநாவல் இன்றைக்கு நாற்பத்தாறு பக்கம். பதின்ம வயதுக் காதல் கதை. மேகலாவும் சுதனும் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் நெடுந்தீவில் ஒரே வகுப்பு. ஓ.எல். (சாதாரண தரச் சோதனை) முடிந்ததும் அவன் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறான். முதல் நாலு மாதம் வாட்ஸ்அப்பில் பேச்சு, பிறகு மறுமொழி இல்லை. ஏ.எல். (உயர்தரச் சோதனை) எழுதிவிட்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு தீவுக்கு வருகிறான்.

முதல் மூன்று வாரத்தில் பதினொரு பக்கம் எழுதினேன். பொழுதுபடும் நேரம், ஆளில்லாத கடற்கரை, அவன் பின்னால் வந்து நிற்கிறான், அவள் திரும்பிப் பார்க்கிறாள். நெடுந்தீவிலேயே இருக்கும் சின்னம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "படகு எத்தனை மணிக்கு வந்தது? ஆரார் கண்டது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அம்மாவின் ஊர்தான், ஆனால் நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அங்கே போனதெல்லாம் விடுமுறைக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டேன். 776 பஸ்ஸில் பண்ணைப் பாலம், வேலணை, கடலுக்கு மேலான தாம்போதி தாண்டிப் புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சீமெந்துப் பை, முட்டை அட்டைகள், நடுவில் நாங்கள். நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் கால் வைக்கவில்லை, ஒரு ஐயா கேட்டுவிட்டார்: "நீர் எங்கட சின்னக்காவின்ர பேத்தியெல்லோ?" அந்த இடத்தில்தான் என் கதை எங்கே பிழைத்தது என்று விளங்கியது. இந்தத் தீவுக்கு ஒருவரும் தெரியாமல் வர முடியாது. சுதன் குறிகட்டுவானில் படகு ஏறும்போதே மேகலாவின் வீட்டுக்குச் செய்தி போயிருக்கும்.

பதினொரு பக்கத்தையும் கிழித்தேன். இப்போது அவர்கள் சந்திப்பது இறங்குதுறையில், பத்து மணி வெயிலில், சனத்துக்கு நடுவில். அவள் அம்மம்மாவின் மருந்துப் பையை வாங்க வந்திருக்கிறாள்.

"எப்ப வந்தனீ?"

"இந்தப் படகிலதான்."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது பெடலில் கால் இரண்டு தரம் வழுக்குகிறது. இதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அம்மம்மா பாத்திரத்தை இட்டுக்கட்டத் தேவைப்படவில்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து ஆட்களை ஏற்றிப் போன குமுதினிப் படகில் நடந்த படுகொலைக்குப் பிறகு, வீட்டு ஆட்கள் கடலில் இருந்தால் படகு வந்து சேரும் வரை என் அம்மம்மா சாப்பிட மாட்டார். மேகலாவின் அம்மம்மாவும் அப்படித்தான். அவர் சுதனிடம் கேட்கும் முதல் கேள்வி ஏன் பேசாமல் இருந்தாய் என்பதல்ல, "கடல் எப்பிடி இருந்தது ராசா?" என்பதுதான்.

அடுத்தது கடிதம். நெடுந்தீவு வீடுகளைச் சுற்றி முருகைக்கல்லை, அதாவது பவளப் பாறைக் கல்லை, அடுக்கி எழுப்பிய வேலிகள். சாந்து பூசுவதில்லை, அதனால் கல்லுக்குக் கல் இடுக்கு இருக்கும். போகும்போது சுதன் அந்த இடுக்கில் வைத்த கடிதத்தை மேகலா இரண்டு வருடம் கழித்து எடுக்கிறாள் என்று எழுதியிருந்தேன். அப்படி நடக்குமா என்று சோதித்துப் பார்த்தேன். கொப்பித் தாள் இரண்டு, ஒன்றில் ஜெல் பேனை, மற்றதில் சாதாரண பேனை. நாலாக மடித்துச் சின்னம்மா வீட்டு வேலியில் வைத்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து எடுத்தபோது ஜெல் எழுத்து முழுக்க நீலக் கறை. மற்றதில் எழுத்து தெரிந்தது, ஆனால் மடிப்போடு மடிப்பு ஒட்டி, விரிக்க விரிக்கப் பிய்ந்தது. ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. இரண்டு வருடத்துக்கு வாய்ப்பே இல்லை. ஆகவே கடிதம் போய்ச் சோகி (சோழி) வந்தது. தாயம் விளையாடிய சோகிகளில் ஒன்றை அவன் வைத்துவிட்டுப் போகிறான், திரும்பி வந்ததும் எடுத்து அவளிடம் காட்டுகிறான். கடல் காற்றும் மழையும் சோகியை ஒன்றும் செய்யாது.

நெடுந்தீவின் காட்டுக் குதிரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வரைவில் அத்தியாயத்துக்கு ஒரு குதிரைக் கூட்டம் ஓடியது, சுற்றுலா விளம்பரம் போல. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தேன். கோடையில் புல்வெளி காய்ந்து, குட்டைகள் வற்றி, குதிரைகள் தண்ணீருக்குத் தவிக்கும். அப்படியொரு கோடையில் எழும்ப முடியாமல் கிடந்த குட்டி ஒன்றுக்கு, பதினைந்து வயதில் இருவரும் சாராப்பிட்டிக் கிணற்றிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டு போகிறார்கள். தண்ணீர்க் கான் தளும்பித் தளும்பி அவன் காற்சட்டை நனைகிறது. அவள் உள்ளங்கையில் ஊற்றிக் குடிக்கக் கொடுக்கிறாள். குட்டி மூன்றாம் நாள் செத்துப்போகிறது. நாலாம் நாளும் இருவரும் தண்ணீரோடு அந்த இடத்துக்குப் போகிறார்கள். காதல் என்ற சொல்லை அங்கே எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

பெறாமகளுக்குப் பதினேழு வயது, அவளிடமும் கொடுத்தேன். "பெரியம்மா, ரெண்டு வருஷம் மெசேஜைப் பாத்துப்போட்டுப் பேசாமல் இருந்தவன். சோகியைக் காட்டினவுடன அவள் சிரிப்பாளோ?" என்று கேட்டாள். சரியான கேள்வி பிள்ளை. ஏழாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். இப்போது மேகலா சோகியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அவன் கையிலேயே வைத்துவிடுகிறாள்.

கடைசி அத்தியாயத்தில் வாடைக் காற்றால் படகு நின்று, சுதன் போக முடியாமல் தங்குவதாக இருந்தது. நடக்கக்கூடியதுதான், ஆனாலும் அதை வெட்டிவிட்டேன். காற்று பிடித்து வைத்த ஆளை மேகலா நம்ப மாட்டாள். கடல் குளம் போலக் கிடக்கும் ஒரு காலையில் படகு நேரத்துக்குப் புறப்படும், அவன் பையோடு இறங்குதுறையிலேயே நிற்பான். வீட்டு வாசலில் அம்மம்மா அவனைப் பார்த்து என்ன சொல்வார் என்பதுதான் இன்னும் வரவில்லை. வருகிற சனிக்கிழமை சின்னம்மாவிடம் போகிறேன்.