பாட்டி சொன்ன பதிலுக்குக் கட்டம் இல்லை

சில வருடங்களுக்கு முன்பு, நத்தம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு மனநல ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். கையில் மனச்சோர்வை அளக்கும் சிஇஎஸ்-டி படிவம். 1977-இல் அமெரிக்காவில் லெனோர் ராட்லாஃப் வெளியிட்டது. மொத்தம் 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் போன வாரம் எத்தனை நாள் பொருந்தியது என்று கேட்டு, நாலு கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும்.

மூன்றாவது வாக்கியத்தில் 'ப்ளூஸ்' என்று, மனவாட்டத்துக்கான ஆங்கிலப் பேச்சுச் சொல் ஒன்று வரும். வீட்டாரும் நண்பர்களும் உதவி செய்தும் அதை உதற முடியவில்லை என்பது வாக்கியத்தின் பொருள். எங்கள் தமிழ்ப் படிவத்தில் அது 'சோர்வுணர்வு' ஆகியிருந்தது. திண்ணையில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன்.

"வேலை செஞ்சா சோர்வு வரத்தானே தாயி செய்யும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "நெஞ்சுல அம்மிக்கல்ல வச்ச மாதிரி இருக்கு. மகன் திருப்பூர் போனதுல இருந்தே. ராத்திரி படுத்தா யோசனை, யோசனை, ஒரே யோசனை."

எத்தனை நாள் அப்படி இருந்தது பாட்டி என்று கேட்டேன்.

"அதுக்கென்ன நாள் கணக்கு? பேரப்புள்ள போன்ல பேசுனா கொஞ்சம் இறங்கும். அப்புறம் ஏறிக்கும்."

'சில நாட்கள்' கட்டத்தில் டிக் போட்டேன். அந்த டிக் இன்னும் உறுத்துகிறது.

உளவியல் ஆய்வுகளில் எல்லாத் தரப்பு மக்களும் வேண்டும் என்றால் முதலில் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். அதுவும் மோசம்தான். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு இதழ்களை உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் அலசி 2008-இல் எழுதினார்: ஆய்வுக்கு எடுத்த குழுக்களில் 68% அமெரிக்காவைச் சேர்ந்தவை, மேற்கத்தியத் தொழில்வள நாடுகளை எல்லாம் சேர்த்தால் 96%. ஆனால் என் பாட்டி எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டார். அவர் பேச்சுதான் சேரவில்லை.

ஜிம்பாப்வேயில் வேறு மாதிரி செய்தார்கள். 1990-களில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அங்குள்ள ஆய்வாளர்களும், ஹராரேயில் நோயாளிகளும் நாட்டு வைத்தியர்களும் மனநோவை என்ன சொற்களில் சொல்கிறார்கள் என்று கேட்டு, அவற்றிலிருந்தே ஷோனா மொழியில் 14 கேள்விகள் அமைத்தார்கள். அங்கே அடிக்கடி காதில் விழும் சொல் 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். படித்ததும் திண்ணைதான் ஞாபகம் வந்தது. பிறகு அந்நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய 'நட்பு பெஞ்சு' திட்டத்தில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பாட்டிமார் மர பெஞ்சில் உட்கார்ந்து பேசிப் பேசியே உதவினார்கள். 573 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. பெஞ்சில் பேசியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட ஆறு மாதத்தில் அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. அதை அளந்ததும் அதே 14 கேள்விகள்தான்.

போன மாதம் இன்னொரு படிவத்தைத் தமிழில் தரச் சொன்னார்கள். முதலில் ஊர்ப் பெண்களிடம் பேசிவிட்டு வருகிறேன், இரண்டு வாரம் வேண்டும் என்றேன். ஒரு வாரம் கொடுத்தார்கள். சரி என்று கிளம்பிவிட்டேன். நோட்டில் இதுவரை சேர்ந்தவை: மனசு கெடந்து அடிச்சுக்குது. சோறு இறங்கல. எதுவுமே ஓடல. இவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியில், அம்மிக்கல்.