டேஷா டாட்டா? வளைமைக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது

வகையீட்டு வடிவியல் தாளுக்குப் படிக்கிறவர்கள் வளைமையை (ஒரு வளைகோடு எவ்வளவு வளைகிறது என்ற அளவை) தொடும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்கள் புத்தகத்தில் டேஷ் போட்டால் எதைப் பொறுத்த வகைக்கெழு, டாட் போட்டால் எதைப் பொறுத்தது? சில புத்தகங்களில் டேஷ் வில்நீளத்துக்கு, டாட் மற்ற துணையலகுக்கு (கோட்டின் புள்ளிகளைக் குறிக்கும் மாறிக்கு). சிலவற்றில் அப்படியே தலைகீழ். போதாக்குறைக்கு டி என்ற எழுத்து ஓரிடத்தில் துணையலகு, இன்னோரிடத்தில் அலகுத் தொடுவெக்டர். வகுப்புக் குறிப்பையும் புத்தகத்தையும் மாறி மாறிப் படித்தால் சூத்திரங்கள் சத்தமில்லாமல் கலந்துவிடும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இரண்டாம் வகைக்கெழுவின் அளவுதான் வளைமை என்பது வில்நீளத்தைப் பொறுத்து வகையிட்டால் மட்டுமே சரி. எக்ஸ் = யு கனம், ஒய்யும் இசட்டும் 0, யு நேர்மறை என்று வையுங்கள். அது நேர்கோடு, வளைமை 0. ஆனால் யு-வைப் பொறுத்து இரண்டு முறை வகையிட்டால் 6யு வருகிறது. அது வேகம் மாறுவதால் வந்தது, கோடு வளைவதால் அல்ல.

யு போன்ற எந்தத் துணையலகுக்கும் பொருந்தும் சூத்திரம், கோட்டின் நிலைவெக்டர் ஆர் என்றால், ஆர் டேஷ், ஆர் டபுள் டேஷ் இரண்டின் குறுக்குப் பெருக்கத்தின் அளவை ஆர் டேஷ் அளவின் கனத்தால் வகுப்பது (இங்கே டேஷ் யு-வுக்கு). இதை மனப்பாடம் செய்யாதீர்கள், வருவித்துப் பாருங்கள், இரண்டே வரிதான். முதல் வகைக்கெழு, வேகம் பெருக்கல் தொடுவெக்டர். இரண்டாவதில் தொடுவெக்டர் திசையில் ஓர் உறுப்பு, செங்கோட்டுத் திசையில் வளைமை பெருக்கல் வேகத்தின் வர்க்கம். குறுக்குப் பெருக்கும்போது தொடுவெக்டர் உறுப்பு அடிபட்டுப் போய், மிஞ்சுவதன் அளவு வளைமை பெருக்கல் வேகத்தின் கனம். கீழே கனம் ஏன் வந்தது என்று அப்புறம் மறக்கவே மறக்காது.

முறுக்கம் (கோடு ஒரு தளத்தை விட்டு எவ்வளவு திருகுகிறது என்ற அளவு) வேறு தொல்லை. தொடுவெக்டரும் அதற்குச் செங்குத்தான இரண்டு வெக்டர்களும் கோட்டின் வழியே எப்படி மாறுகின்றன என்று சொல்லும் மூன்று சமன்பாடுகளை, பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் ஃப்ரெனே 1847-லும் செரே 1851-லும் தனித்தனியாகக் கண்டார்கள். அவற்றில் மூன்றாவதற்குக் கழித்தல் குறி போடும் புத்தகமும் உண்டு, போடாத புத்தகமும் உண்டு. விடையின் குறியே மாறிவிடும் என்பதால், எந்த மரபைப் பின்பற்றுகிறீர்கள் என்று விடைத்தாளில் முதலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், திருத்துபவருக்கும் நிம்மதி.

வளைமைச் சூத்திரத்தைச் சரிபார்க்க ஹெலிக்ஸ் (சுருள்கோடு) போதும்: ஆரம் ஏ, சுழலும் கோணம் யு, இசட் = பி யு என்றால் வளைமை, ஏ-யை ‘ஏ வர்க்கம் கூட்டல் பி வர்க்கம்’ என்ற முழுக் கூட்டுத்தொகையால் வகுத்தது. பி-யை 0 ஆக்கினால் வட்டத்தின் 1/ஏ வர வேண்டும். சூத்திரமே சந்தேகமாக இருந்தால் யு இருக்கும் இடத்தில் 2யு போடுங்கள். முதல் வகைக்கெழு 2 மடங்கு, இரண்டாவது 4 மடங்கு, ஆக மேலே 8, கீழே 2-இன் கனமும் 8. இது அடிபடாவிட்டால் நீங்கள் எழுதியது வளைமைச் சூத்திரமே இல்லை.